இரண்டாவது தடவை வாசிக்கப்படும் படைப்பு: ஓர்கெஸ்ட்ராவுக்கு எழுதுபவரும் அதை நடத்துபவரும் ஒரே ஆளாக இருக்கும்போது

தமிழில் ‘நடத்துநர்’ என்று சொன்னால் கொழும்பு காலி வீதி 101ஆம் இலக்க பஸ்ஸில் மிச்சக் காசு தராதவரின் முகம்தான் முதலில் வரும். ‘இசையமைப்பாளர்’ என்றால் சினிமா. இரண்டு சொல்லும் வேறு ஆட்களிடம் போய்விட்டதால், மேற்கத்தேய சாஸ்திரிய இசையில் ஒருவர் எழுதவும் செய்கிறார், தடியெடுத்து நடத்தவும் செய்கிறார் என்றால் அது என்ன தொழில் என்பது எங்களில் பலருக்குப் பிடிபடுவதில்லை. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியது. எழுதியவர் ராஜா, தடியோடு முன்னால் நின்றவர் மிகெல் டொம்ஸ். “அப்ப அந்த வெள்ளைக்காரர் அதில என்ன செய்தவர்?” என்ற கேள்வி வெள்ளவத்தையில் பல வீடுகளில் எழுந்திருக்கும். நியாயமான கேள்விதான்.

வேகம், யார் எப்போது நுழைவது, எந்த வாத்தியம் எதற்குக் கீழே அடங்குவது, இவை மேடையில் தெரிகிற வேலை. தெரியாத வேலை ஒன்று உண்டு: ஒத்திகை நேரத்தைப் பங்கிடுவது. தொழில்முறை ஓர்கெஸ்ட்ராக்களில் ஒரு கச்சேரிக்குப் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு ஒத்திகைகள். ஒவ்வொன்றும் இரண்டரை அல்லது மூன்று மணித்தியாலம், நடுவில் தேநீர் இடைவேளை. அதற்குள் ஒரு சிம்பொனி, ஒரு தனி வாத்தியத்தை முன்னிறுத்தும் கொன்சேர்ட்டோ ஒன்று, இவற்றோடு 12 நிமிடப் புதுப் படைப்பு. புதியதற்கு ஒரு மணித்தியாலம் கிடைத்தால் பெரிய காரியம். எழுதியவருக்கு இந்தக் கணக்குத் தெரியாவிட்டால், தாளில் எவ்வளவு அழகாக இருந்தாலும் மேடையில் அது பாதி வெந்த சோறாகத்தான் வரும். தடியெடுத்து நிற்கப் பழகியவருக்குக் கணக்கு உடம்பில் ஊறியிருக்கும். எழுதுவதும் நடத்துவதும் ஒரே ஆளிடம் சேர்வதன் உண்மையான இலாபம் இதுதான்.

சேர்ந்தால் நட்டமும் உண்டு. குஸ்டாவ் மாலர் 1897 முதல் 1907 வரை வியன்னா அரச ஒப்பெராவை நடத்தியபடி கோடை விடுமுறையில்தான் சிம்பொனிகளை எழுதினார். எழுதவும் நடத்தவும் செய்யும் பின்லாந்துக்காரர் ஈஸா-பெக்கா சலோனன் 1983இல் லண்டனில் கடைசி நேரத்தில் இன்னொருவருக்குப் பதிலாக மாலரின் மூன்றாவது சிம்பொனியை நடத்தி ஒரே இரவில் பெயர் பெற்றார். 1992 முதல் 2009 வரை லொஸ் ஏஞ்சல்ஸ் பில்ஹார்மொனிக்கின் இசைப் பணிப்பாளர். இப்படிப்பட்டவர்கள் எழுதுவதற்கான மாதங்களை நாட்காட்டியில் சண்டை பிடித்துத்தான் பெறவேண்டும். நடத்துவது உடனே பணம் தரும், எழுதுவது தராது; ஆகவே இழுபறியில் தோற்பது எப்போதும் எழுத்து.

எங்கள் ஊரோடு தொடர்புள்ள ஒருவரின் பாதையை எடுத்துப் பார்க்கலாம். தினுக் விஜேரத்ன 1978இல் கொழும்பில் பிறந்து துபாயில் வளர்ந்தவர். மன்செஸ்டரில் ரோயல் நோர்தேர்ன் இசைக் கல்லூரி, நியூயோர்க்கில் ஜூலியார்டில் ஜோன் கொரிலியானோவிடம் இசையமைப்பு, பிலடெல்பியாவின் கேர்டிஸ் நிறுவனத்தில் ஒட்டோ-வேர்னர் முல்லரிடம் நடத்துகை, பிறகு டொரொண்டோவில் முனைவர் பட்டம். 2004இல் செல்லோக்காரர் யோ-யோ மாவின் சில்க் ரோட் குழுவோடு நியூயோர்க்கின் கார்னகி மண்டபத்தில் இசையமைப்பாளராகவும் நடத்துநராகவும் பியானோ வாசிப்பவராகவும் மேடையேறினார். கனடாவில் தங்கி, நோவா ஸ்கோஷியா இளையோர் ஓர்கெஸ்ட்ராவை 13 பருவங்கள் வழிநடத்தினார். 2011இல் தபேலாவுக்கும் ஓர்கெஸ்ட்ராவுக்குமாக ஒரு கொன்சேர்ட்டோ. 2016இல் ஒரு நால்வர் தந்திப் படைப்புக்குக் கனடாவின் ஜூனோ விருது.

இந்தப் பட்டியலில் எல்லோர் கண்ணும் கார்னகி மண்டபத்தில் போய் நிற்கும். தொழில் தெரிந்தவர் கண் நிற்கவேண்டிய இடம் அந்த 13 பருவங்கள். இளையோர் ஓர்கெஸ்ட்ரா என்றால் கிழமைக்குக் கிழமை ஒத்திகை. 16 வயதுப் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறும், எந்தக் குறியீட்டைத் தவறாக வாசிக்கும், எத்தனை பார் (நிரலில் கோடு போட்டுப் பிரித்த ஒரு தாள அளவு) ஓய்வுக்குப் பிறகு எண்ணிக்கையைத் தவறவிடும் என்பதெல்லாம் வருடக்கணக்கில் கண்முன்னே நடக்கும். எழுதுபவருக்கு இதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் இல்லை.

கொழும்பில் இந்தப் பாதையின் முதல் கட்டம் நன்றாகவே போடப்பட்டிருக்கிறது. ட்ரினிட்டியும் ரோயல் ஸ்கூல்ஸும் நடத்தும் லண்டன் இசைப் பரீட்சைகள் உண்டு. ரோயல் ஸ்கூல்ஸில் 6ஆம் தரத்திலிருந்து மேலே வாசிக்க வேண்டுமானால் 5ஆம் தரக் கோட்பாட்டுப் பரீட்சையோ அதற்கு ஈடான ஒன்றோ பாஸாகியிருக்க வேண்டும். பாடசாலை பேண்ட் வாத்தியக் குழுக்கள், தேவாலயப் பாடகர் குழுக்கள், 1958இல் தொடங்கிய இலங்கை சிம்பொனி ஓர்கெஸ்ட்ரா எல்லாம் உண்டு. குறை வேறிடத்தில். பியானோவில் 8ஆம் தரம் முடித்த பிள்ளைகளை எண்ணி மாளாது. வியோலா, ஓபோ, பசூன் வாசிப்பவர்களைத் தேடவேண்டும். உயர்தரப் பரீட்சை வந்ததும் வாத்தியம் பெட்டிக்குள் போய்விடும். பரீட்சை முறை ஒருவரைத் தனியாக வாசிக்கத்தான் பழக்குகிறது. எல்லா வாத்தியங்களின் வரிகளும் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கும் 20 வரி நிரலைச் செங்குத்தாக வாசிக்க அது பழக்குவதில்லை. அந்த நிரலில் வியோலாவின் ஆல்டோ க்ளெஃப் (எந்தக் கோடு எந்தச் சுரம் என்று காட்டும் குறி) இருக்கும், எழுதியதைவிட ஒரு பஞ்சமம் கீழே ஒலிக்கும் எஃப் ஹோர்ன் இருக்கும், ஒரு முழுச்சுரம் கீழே ஒலிக்கும் பி-ஃபிளாட் கிளாரினெட் இருக்கும்.

கல்லூரி வழியே போகாத பாதையும் இங்கே உண்டு. பிரேமசிறி கேமதாச (1937–2008) பெரும்பாலும் தானாகக் கற்றவர். சினிமா இசையில் சம்பாதித்து, பிள்ளைகளைத் தானே பயிற்றுவித்து, சிங்கள ஒப்பெராக்களை எழுதித் தானே நடத்தினார். 2007இலும் ஒன்று மேடையேறியது. தனக்கு வேண்டிய பாடகர்கள் ஊரில் இல்லை என்று அவர் காத்திருக்கவில்லை, உருவாக்கிக்கொண்டார். தமிழில் அப்படி ஒருவர் வரவில்லை என்பது நாங்கள் விழுங்கவேண்டிய கசப்பு.

இனி மேசைக்கு வருவோம். கையில் கிடைக்கக்கூடியதற்கு எழுதுவது முதல் நிபந்தனை. மரக்காற்று வாத்தியங்கள் இரண்டிரண்டு, ஹோர்ன் 4, ட்ரம்பெட் 2, ட்ரொம்போன் 3, டிம்பனி, தாளவாத்தியத்துக்கு 2 பேர், தந்திகள் 10-8-6-5-3 (முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ, பேஸ்) என்றால் பெரும்பாலான இடங்களில் வாசிக்கலாம். காண்ட்ராபசூன், ஆல்டோ புல்லாங்குழல், இரண்டு ஹார்ப் என்று ஆசைப்பட்டு எழுதினால் கொழும்பில் முதல் அரங்கேற்றமே சந்தேகம். இரண்டாவது ஓபோவின் முக்கியமான வரியை இரண்டாவது கிளாரினெட்டின் தாளில் சிறிய எழுத்தில் ‘க்யூ’வாகப் போட்டுவைப்பது இங்கே கட்டாயம். பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள் நிறைந்த குழுவில், ஒத்திகையன்று யாருக்காவது வைத்தியசாலை ட்யூட்டி விழும்.

காலநிலையும் ஒரு வாத்தியக்காரர்தான். ஏசி போடாமல் 30 பாகையில் ஒத்திகை, கச்சேரியன்று ஏசி போட்டு 23 பாகை. காற்று வாத்தியங்களின் சுருதி ஒரு பாகைக்குச் சுமார் 3 சென்ட் வரை அசையும். 7 பாகைக்கு 20 சென்ட், அதாவது ஒரு அரைச்சுரத்தின் ஐந்தில் ஒன்று. தந்திகள் இதற்கு எதிர்த்திசையில் போகும்: சூட்டில் தந்தி தளர்ந்து இறங்க, காற்று வாத்தியம் ஏறும். அதனால் தொடக்கத்திலேயே ஓபோவையும் வயலினையும் ஒரே சுரத்தில், மெதுவாக, துணை ஏதுமில்லாமல் வைக்காதீர்கள். முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் ஒரு சுருதிக்கு வரட்டும். ஈரப்பதத்தில் செல்லோவின் ஒட்டு விட்டுப்போவது வேறு கதை. அதற்கு எழுதுபவரால் செய்யக்கூடியது எதுவுமில்லை.

தனித்தாள்கள் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் புதியவர்களின் படைப்பு கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான். வாசிப்பவர்களுக்கு முழு நிரல் கிடைக்காது, தன் வரி மட்டும்தான். தந்தியில் இரண்டு பேருக்கு ஒரு தாங்கி. மேலே சொன்ன அளவுக்கு முதல் வயலின் 5, இரண்டாம் வயலின் 4, வியோலா 3, செல்லோ 3, பேஸ் 2 என்று 17 பிரதி, காற்று வாத்தியங்களுக்கு 17, தாளத்துக்கு 3. மொத்தம் 37. ஏ4 தாள் இதற்குச் சின்னது. உலகெங்கும் ஓர்கெஸ்ட்ரா நூலகர்கள் கேட்பது 10க்கு 13 அங்குலம், சுரம் எழுதும் ஐங்கோட்டின் உயரம் 7 மில்லிமீற்றருக்குக் குறையாமல், பின்பக்கம் தெரியாத 100 முதல் 120 கிராம் தாள். போட்டோகொப்பிக் கடையில் ஏ3 தாளை மடித்தால் மீண்டும் ஏ4தான் வரும். ஆகவே ஏ3 தாளில் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, அளவுக்கு வெட்டி, காகித டேப்பால் முதுகில் ஒட்டுங்கள். பளபளக்கும் செலோடேப் மேடை விளக்கில் கண்ணை அடிக்கும், திருப்பும்போது சத்தமும் போடும்.

பக்கம் திருப்பும் இடத்தில் ஓய்வு இருக்கவேண்டும். தந்தியில் உள்பக்கம் இருப்பவர் திருப்புவார், அந்த நேரம் ஒலி பாதியாகும். மெல்லிய இடத்தில் அது அப்பட்டமாகக் கேட்கும். தனியொருவராக வாசிக்கும் பசூன்காரருக்குத் திருப்ப ஆளே இல்லை. 40 பார் ஓய்வு கொடுத்தால் கடைசி நான்கு பாரில் பக்கத்து வாத்தியத்தின் மெட்டைச் சிறிதாகப் போடுங்கள். இல்லாவிட்டால் அவர் 38இல் நுழைவார் அல்லது நுழையவே மாட்டார். அடுத்தது எல்லோரும் ஒருமுறை விழும் குழி: மென்பொருளில் எல்லா வாத்தியத்தையும் ஒலிக்கும் சுருதியிலேயே காட்டும் பொத்தானை அணைக்க மறந்து தாள்களை அச்சடிப்பது. கிளாரினெட்டும் ஹோர்னும் முதல் பாரிலேயே தப்பாக வரும், பத்து நிமிடத்துக்கு யாருக்கும் காரணம் புரியாது. 60 பேர் பத்து நிமிடம் சும்மா இருந்தால் அது பத்து மனித மணித்தியாலம்.

தமிழ்ப் பொருளை ஓர்கெஸ்ட்ராவுக்குள் கொண்டுவர நினைப்பவருக்கு வேறு சில முடிச்சுகள். மிஸ்ர சாபுவை 7/8 என்று எழுதலாம். தகிட தகதிமி என்று கைபோட்டு வளர்ந்தவருக்கு அது மூச்சு மாதிரி. பிரித்துத் தராவிட்டால் வாசிப்பவர்கள் ஏழையும் விரல் விட்டு எண்ணுவார்கள், வேகம் தளரும். சுரங்களின் வாலை 3+2+2 என்று சேர்த்துக் கட்டி, தடியால் ஒரு நீட்டு இரண்டு குட்டை என மூன்று அடியாகக் காட்டவேண்டும். மென்பொருள் தானாகப் போடும் கட்டு வேறாக இருந்து அதை மாற்றாமல் விட்டால், கை ஒன்று சொல்லும், தாள் ஒன்று சொல்லும். குழு தாளைத்தான் நம்பும்.

கமகம் இன்னும் சிக்கல். தோடியின் காந்தாரத்தைப் பத்து வயலினுக்கு ஓர் அலைக்கோடாக எழுதிக் கொடுத்தால் பத்து விதமான அசைவு வரும், கேட்பதற்குக் கொசுக்கூட்டம் மாதிரி இருக்கும். வழி இரண்டு. கமகத்தை முதல் வயலின்காரர் ஒருவருக்கு மட்டும் கொடுத்து மற்றவர்களை நேர்ச்சுரத்தில் நிறுத்துவது ஒன்று. மற்றது, அசைவைப் பதினாறாம் சுரங்களாகப் பிரித்து, ஒரே வில்லில், ‘ஒரே விரலால் இழுக்கவும்’ என்று குறிப்புப் போட்டு எழுதுவது. இரண்டாவது வழி மெதுவான இடத்துக்கு மட்டும் சரி. சங்கராபரணம், கல்யாணி, கீரவாணி போன்றவை மேற்கத்தேய ஸ்கேலோடு ஒட்டுவதால் ஓர்கெஸ்ட்ராவில் சுலபமாக உட்காரும். சஹானாவைக் கொண்டுபோய் நிறுத்தினால் அது அழும். முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயர் பேண்ட் மெட்டுகளைக் கேட்டு நொட்டுஸ்வரங்களைச் சங்கராபரணத்தில் செய்தது சும்மா இல்லை.

மிருதங்கம் சுருதி சேர்த்த வாத்தியம் என்பதை மேற்கத்தேயப் பயிற்சியுள்ளவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். டி-யில் தொடங்கி ஈ-ஃபிளாட்டுக்குப் போனால் வலந்தலை (வலது பக்கத் தோல்) ஒவ்வோர் அடியிலும் உறுத்தும். ஒன்றில் மிருதங்கம் வரும் பகுதிகளை ஆதார சுருதியிலேயே வைக்கவேண்டும், இல்லையென்றால் இரண்டாவது மிருதங்கம் ஒன்றைச் சேர்த்து, மாற்றுவதற்குப் போதிய ஓய்வு விடவேண்டும். வாத்தியத்தையே மேடைக்குக் கொண்டுவராமல் அதன் கையைக் கொண்டுவரலாம் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. இலங்கைக் குடும்பத்தைச் சேர்ந்த செல்லோக்காரர் ரொஹான் டி சேரம் கண்டி மேளமும் வாசித்தவர். இத்தாலியரான லூச்சியானோ பெரியோ 2002இல் அவருக்கென்று எழுதிய தனிச் செல்லோப் படைப்பில் கண்டி மேளத் தாளம் செல்லோவின் உடம்பில் தட்டலாக வருகிறது.

பாட்டுக்கு வந்தால் குறில் நெடில். ‘மலை’ என்ற சொல்லின் முதல் அசையை இரண்டு துடிப்புக்கு இழுத்தால் கேட்பவர் காதில் ‘மாலை’. ‘கல்’ காலாகும், ‘பல்’ பாலாகும், ‘கொடு’ கோடாகும். நீண்ட சுரத்தில் குறிலை வைக்காதீர்கள். வைத்தே ஆகவேண்டுமென்றால் உயிரைச் சுருக்கி ல், ம், ன் போன்ற மெய்யில் நில்லுங்கள். க், ட், ற் போன்றவற்றில் நிற்க முடியாது, அங்கே ஓய்வுதான். கொழும்புப் பாடகர் குழுக்களில் தமிழ் வாசிக்கத் தெரியாதவர்களும் நிற்பார்கள். அவர்களுக்கு ஆங்கில எழுத்தில் வரிகளைக் கொடுக்கும்போது நெடிலின் மேல் கோடு போடாவிட்டால் பாரதியும் வேறு யாரோ ஆகிவிடுவார். பாரதியின் வரிகளுக்கு யாரிடமும் அனுமதி வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி இலங்கையில் உரிமை ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரை. 1971இல் மறைந்த ஈழத்துக் கவிஞர் மஹாகவியின் (து. உருத்திரமூர்த்தி) கவிதையை எடுத்தால் 2041 முடியும்வரை உரித்தாளர்களிடம் எழுத்தில் அனுமதி தேவை.

ஒத்திகையில் தன் படைப்பைத் தானே நடத்துபவர் செய்யும் தவறு வேறு மாதிரியானது. மண்டைக்குள் இருப்பதைத்தான் கேட்பார், மேடையில் வருவதைக் கேட்க மாட்டார். காதுள்ள ஒருவரை நிரலோடு மண்டபத்தின் பத்தாவது வரிசையில் உட்காரவையுங்கள். லயனல் வென்ட் போல நாடகத்துக்கென்று கட்டிய அரங்குகளில் எதிரொலி குறைவு. தந்தியின் ஒலி முன்வரிசையைத் தாண்டும்போதே மெலிந்துவிடும், ட்ரம்பெட் மட்டும் நேராக வந்து அறையும். பித்தளை வாத்தியங்களின் ஒலியளவை ஒரு படி குறைத்து எழுதும் பேனையும் அந்தப் பத்தாவது வரிசையில் இருக்கட்டும். அடுத்தது, நிறுத்தினால் முதலில் யாருக்கு, பிறகு எந்த பார், பிறகு என்ன பிழை என்ற ஒழுங்கில் சொல்வது. “இரண்டாம் வயலின், 47, மூன்றாவது துடிப்பு, ஒலி இன்னும் குறைவாக.” தத்துவம் பேச வேண்டாம். ஒத்திகை மொழி ஆங்கிலமும் சிங்களமும் கலந்து ஓடும். எந்த மொழியிலும் 47 என்பது 47தான்.

பணம் பற்றிச் சுருக்கமாக. எழுதித் தரும் கட்டணம், தாள் வாடகை, வாசிப்பு உரிமைத் தொகை, நடத்தும் கூலி, வகுப்பு: ஐந்து ஊற்று. முதல் மூன்றில் மட்டும் வாழ்பவர் உலகத்திலேயே குறைவு. ஒப்பந்தத்தில் நிமிடக் கணக்கு, வாத்தியப் பட்டியல், கையளிக்கும் திகதி ஆகியவற்றோடு, எத்தனை ஒத்திகை, தாள் அச்சுச் செலவு யாருடையது, ஒலிப்பதிவைக் காட்ட அனுமதி உண்டா என்ற மூன்றையும் எழுதிக்கொள்ளாதவர் பிறகு அழுவார். பதிவு இல்லாவிட்டால் அடுத்த ஓர்கெஸ்ட்ராவுக்கு அனுப்ப ஒன்றுமில்லை.

அரங்கேற்றத்துக்குக் கைதட்டல், பூச்செண்டு, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் படம் எல்லாம் கிடைக்கும். இரண்டாவது தடவை யாரும் வாசிக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் அழகியல் அல்ல. தாள்கள் எங்கோ, திருத்தங்கள் யாருடைய நினைவிலோ, கோப்பு திறக்க முடியாத மென்பொருளில். ஃபினாலே என்ற இசை எழுதும் மென்பொருள் நிறுத்தப்படுவதாக 2024 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தபோது, பலரின் பல வருட வேலை ஒரே நாளில் பழைய பொருளானது. மற்ற மென்பொருள்களிலும் திறக்கக்கூடிய மியூசிக்-எக்ஸ்எம்எல் பிரதியும் பிடிஎஃப்பும் எடுத்துவைத்தவர்கள் டொரிக்கோவுக்கோ சிபெலியஸுக்கோ மாறிக்கொண்டார்கள்.

கச்சேரி முடிந்த அன்றிரவே 37 தாளையும் வாங்கிவிட வேண்டும், யாரும் பையில் போட்டுக்கொண்டு போவதற்கு முன். அவற்றில் பென்சில் குறிகள் இருக்கும்: திருப்ப முடியாத பக்கத்தில் ‘கவனம்’ என்று சொல்லும் மூக்குக்கண்ணாடிப் படம், தப்பாக அச்சான சுரத்தைச் சுற்றி வட்டம், முதல் வயலின்காரர் போட்ட வில் திசைகள். அடுத்த நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் கோப்பில் ஏற்றி, திகதி போட்டுப் புதுத் தாள் எடுங்கள். வில் திசைகளை ஏற்றாமல் விட்டால், அடுத்த ஊரில் முதல் ஒத்திகையின் முதல் இருபது நிமிடம் மேல்வில்லா கீழ்வில்லா என்ற விவாதத்தில் போகும்.